வானத்தில் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு: கேமராவுக்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

விமானத்திலிருந்து குதிப்பவர்களோடு கூடவே குதித்துப் படம் பிடிக்கும் வேலையில் என் கழுத்து போனது. ஒரு கல்யாண சீசன் முழுக்க கேமராவைக் கையில் பிடிக்க முடியாமல் காரைக்குடியில் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். சேர்த்து வைத்த பணம் கரைந்து, அதற்கு மேல் கடனும் ஆனது. அந்த நாட்களில் என்னால் தாங்க முடியாமல் போனது வலியைவிடத் தனிமைதான். வளைகுடாவில் என்னோடு குதித்தவர்கள் எல்லாம் வேறு வேறு நாட்டுக்காரர்கள். ஊரில் இருப்பவர்களுக்கோ நான் அங்கே ஹோட்டல் விழாக்களைப் படம் எடுக்கிறேன் என்பது மட்டும்தான் தெரியும். யாரிடம் போய் என்ன கேட்பது என்று புரியாமலே எல்லாவற்றையும் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது எழுதக் காரணம், எனக்குச் செய்தி அனுப்பும் பையன்கள். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று யாராவது ஒருவர் போகாத வீடு குறைவு. போன இடத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்கை டைவிங் பழகுகிறார்கள். கொஞ்சம் பழகியதும், "அண்ணே, ஹெல்மெட்ல கேமரா மாட்டணும், எது வாங்கலாம்?" என்கிறார்கள். எத்தனை ஃபிரேம், எந்த லென்ஸ், எந்த மாடல் என்று விவரமாகக் கேட்கிறார்கள். அது எவ்வளவு எடை, எதில் மாட்டிக்கொள்ளும், மாட்டினால் எப்படிக் கழற்றுவது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் ஆரம்பித்தபோது எனக்கும் அதை யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஃபிலிம் காலத்திலிருந்தே ஸ்டுடியோ. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று வளவு வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் பின்னால் ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் வெளிச்சம் பார்க்கக் கற்றேன். முற்றத்தில் மேலிருந்து இறங்கும் வெயில் ஆத்தங்குடிக் கல்லில் பட்டு முகத்துக்கு வரும்போது வேறு விளக்கே வேண்டாம். அந்தப் பழக்கத்தோடுதான் வளைகுடாவுக்குப் போனேன். அங்கே ஒரு விழாவில் பாராசூட் வீரர்கள் இறங்குவதைத் தரையிலிருந்து எடுத்தேன். அவர்களில் ஒருவர் ஹெல்மெட்டில் இரண்டு கேமரா வைத்திருந்தார். அவர் எடுத்ததைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நாலு கிலோமீட்டர் உயரத்தில், மறைப்பு எதுவும் இல்லாத வெளிச்சத்தில் ஒரு மனுஷனின் முகம். இதைத்தான் எடுக்கணும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் குதிக்கப் பழக வேண்டும். பயிற்சியாளர்கள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு கூடவே குதித்துக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பெரும்பாலான இடங்களில் ஏஎஃப்எஃப் என்பார்கள். அதை முடித்து, தனியாகக் குதிக்கத் தேறி, படிப்படியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். அமெரிக்க பாராசூட் சங்கத்தின் கணக்கில் ஏ லைசென்ஸுக்கு 25 ஜம்ப், பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500. கேமராவோடு குதிக்க 200 ஜம்ப்பும் சி லைசென்ஸும் இருக்க வேண்டும், அதிலும் எந்தப் பாராசூட்டோடு படம் எடுக்கப் போகிறோமோ அதிலேயே சமீபத்தில் 50 ஜம்ப்பாவது குதித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. நிறைய டிராப் ஸோன்கள், அதாவது பாராசூட்டில் குதிக்கும் மையங்கள், இதையே கட்டாய விதியாக வைத்திருக்கின்றன. பையன்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். "சின்ன ஆக்‌ஷன் கேமராதானே அண்ணே, அது பாட்டுக்கு ஓடப் போகுது" என்கிறார்கள். ஆனால் தலையில் கேமரா இருக்கிறது என்று தெரிந்த நொடியிலிருந்து மனசு பாதி அதற்குப் போய்விடும். சிவப்பு விளக்கு எரிகிறதா, அவன் ஃபிரேமில் இருக்கிறானா, சூரியன் எந்தப் பக்கம் என்றுதான் ஓடும். புதிதாகக் குதிக்கிறவனுக்கு உயரத்தைக் கவனிக்கவும் பாராசூட்டை விரிக்கவுமே முழு மனசும் தேவை. கைகள் தானாக வேலை செய்கிற அளவுக்குப் பழகிய பிறகுதான் மனசில் படத்துக்கு இடம் கிடைக்கும். 200 என்ற எண்ணுக்கு அர்த்தம் அதுதான். அந்த எண்ணை மட்டும் குறைக்கப் பார்க்காதீர்கள்.

நான் போன வேலை டேண்டம் வீடியோ. பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் குதிக்கும் வாடிக்கையாளரை எதிரே விழுந்துகொண்டே எடுப்பது. விமானத்தின் கதவுக்கு வெளியே தொற்றிக்கொண்டு நின்று, அவர்கள் வெளியேறும் அதே கணத்தில் நாமும் கையை விட வேண்டும். பிறகு ஒரு நிமிஷம் போல மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிராக விழுகிறோம். ஐயாயிரம் அடிக்குச் சற்று மேலேயே அவர்கள் பாராசூட் விரியும். நமக்கு அவர்கள் சட்டென்று மேலே போவது போலத் தெரியும். அந்தக் காட்சியைத்தான் வாடிக்கையாளர் வீட்டில் போட்டுக் காட்டுவார். அதைப் பிடித்த பிறகுதான் நம் பாராசூட். எனவே கேமராக்காரர் எப்போதும் கடைசியில், குறைந்த உயரத்தில், தலையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கையோடு பாராசூட்டை விரிக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவி விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு வீடியோக்காரரிடம் ஹெல்மெட்டும் ஒரு கண்ணுக்கு முன்னால் நிற்கும் ரிங் சைட்டும் நம் பணத்தில் அறுபதாயிரம் சொச்சத்துக்கு வாங்கினேன். ரிங் சைட் என்பது கண்ணாடி வில்லைதான். அதில் தெரியும் வட்டத்துக்குள் ஆள் இருந்தால் கேமராவிலும் இருப்பார். தாடைப் பட்டையில் அவசரத்துக்குப் பிரிக்கும் கட்-அவே இருக்கிறது, எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். பாராசூட், அதை அடுக்கி முதுகில் மாட்டும் பையான கன்டெய்னர், நாம் விரிக்காமல் விட்டால் ரிசர்வ் என்னும் அவசரப் பாராசூட்டைத் தானே விரித்துவிடும் தானியங்கித் திறப்பான் எல்லாம் சேர்ந்த ரிக்கையும் இன்னொருவரிடம் பழையதாக மூன்றரை லட்சத்துக்கு எடுத்தேன். ஹெல்மெட் உச்சியில் என் ஸ்டில் கேமராவும் வைட் லென்ஸும், பக்கவாட்டில் வீடியோவுக்கு ஒரு ஆக்‌ஷன் கேமரா. ஷட்டருக்கு, பல்லால் கடித்தால் படம் விழும் சுவிட்ச். எல்லாம் மாட்டித் தலையில் வைத்தபோது பெருமையாக இருந்தது. டிராப் ஸோனில் தட்டிக்கொடுத்தார்கள். எடை போட்டுப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

அதைப் பிறகு ஊரில் மளிகைக் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். ஒன்றே முக்கால் கிலோ. இதில் என்ன பெரிய எடை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 190 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல். நல்ல பாராசூட் மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாக அந்த வேகத்தைக் குறைக்கும். உடம்புக்குத் தெரியவே தெரியாது. அதே வேகம் அரை நொடியில் நின்றால், உடம்பில் உள்ள ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து மடங்கு கனக்கும். ஒன்றே முக்கால் கிலோ ஹெல்மெட் பதினேழு கிலோ ஆகிவிடும். தலையே நாலரை, ஐந்து கிலோ. அதையும் பத்தால் பெருக்குங்கள். அத்தனையும் கழுத்தெலும்பின் மேல், அதுவும் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக இறங்கும். கிராம் கணக்கில் எடையைக் குறைக்கச் சொல்வது இதனால்தான். ஒரு சின்னக் கேமரா நூற்றைம்பது கிராம் இருக்கும். ஸ்டில் வேண்டுமென்றால் மிரர்லெஸ்ஸில் சிறிய பாடி, எடை குறைந்த ஒற்றை லென்ஸ் போதும். ஜூம் லென்ஸை உள்ளேயே கொண்டுவராதீர்கள்.

அந்த நாள் வேறு எந்த விசேஷமும் இல்லாத நாள். காற்று நன்றாக இருந்தது. வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே விழுந்தார், அருமையான முகம். அவர்கள் பாராசூட் விரிந்து மேலே போனதை எடுத்துவிட்டு, என்னுடையதை விரித்தேன். விரிந்த சத்தம் துப்பாக்கி வெடித்தது மாதிரி காதில் விழுந்தது. தாடை நெஞ்சில் இடித்தது. பல்லுக்கு இடையில் இருந்த சுவிட்சோடு சேர்த்து நாக்கையும் கடித்திருக்கிறேன், வாயெல்லாம் ரத்தம். சில நொடிகள் எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேல் பாராசூட் முழுசாகத்தான் இருந்தது. ஆனால் வலது கையை மேலே தூக்கி பாராசூட்டைத் திருப்பும் பிடியான டாகிளைப் பிடிக்கப் போனால், கை என்னுடையது போலவே இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயிருந்தன. இடது கையின் பலத்தில் எப்படியோ இரண்டையும் இழுத்து, திருப்பங்களே போடாமல் காற்றுக்கு எதிராக நேராக வந்து மணலில் உட்கார்ந்தவாக்கில் இறங்கினேன். இறங்கியதும் நான் முதலில் செய்தது கேமரா ஓடுகிறதா என்று பார்த்ததுதான். பக்கத்து ஜீப்பில் இருந்தவரிடம் ஒன்றுமில்லை என்று கையசைத்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால், எழுந்து நடக்க முடிந்தாலும் எழாதீர்கள். ஹெல்மெட்டை நீங்களாக இழுத்துக் கழற்றாதீர்கள். தெரிந்தவர்கள் வந்து கழுத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். விரல் மரத்தால், கையில் பலம் குறைந்தால், உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த லோடுக்கு, அதாவது அடுத்த விமானத்துக்கு, ஆள் வேண்டும் என்ற அவசரம் டிராப் ஸோனில் எப்போதும் இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் வற்புறுத்திக் கேட்கப் போவதில்லை.

அங்கே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறிவு இல்லை, தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், ஜவ்வும் நரம்பும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அறையில் நாலு பேர், எல்லோரும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம் போனில் பேசும்போது குரல் மாறாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது. கடைசியில் வேலையை விட்டுவிட்டு, திருச்சிக்கு டிக்கெட் போட்டு, கழுத்தில் காலரோடு வந்து இறங்கினேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் திண்ணையில் இருந்த அப்பத்தா, "ஏய்யா, கழுத்துல என்னத்தக் கட்டிக்கிட்டு வந்துருக்க? டாக்டரு என்ன சொன்னாக?" என்று கேட்டதும், அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். சுளுக்கு எடுப்பவரிடம் போ, ஒரு திருப்பு திருப்பினால் சரியாகிவிடும். எங்கள் ஊர்ப்பக்கம் கை கால் பிசகினால் நாங்களும் அப்படித்தான் போவோம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேகமான அடிக்குப் பிறகு கை மரத்திருக்கிறது என்றால், எம்ஆர்ஐ பார்க்காமல் யாரையும் கழுத்தைத் தொட விடாதீர்கள். மதுரையில் எடுத்த ஸ்கேனில், ஐந்தாம் ஆறாம் கழுத்தெலும்புக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்ததற்கு அதுதான் காரணம், அந்த நரம்பின் பாதை அப்படி என்று டாக்டர் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். அதைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சொன்னார். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று சில நாள் உள்நோயாளியாக வைத்திருந்து, பிறகு பிசியோதெரபிக்கு அனுப்பினார். ஆள்காட்டி விரல் ஷட்டரை அழுத்தும் விரல். அதில் உணர்வு இல்லாமல் ஒரு போட்டோகிராஃபர் எப்படி இருப்பான் என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. தை முகூர்த்தங்களுக்கு அப்பா வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனார்.

படுத்திருந்த நாட்களில்தான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாராசூட் விரிகிற இடத்தில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால், பக்கவாட்டுக் கேமராவின் லென்ஸுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பாராசூட்டின் லைன், அதாவது துணியையும் நம்மையும் இணைக்கும் கயிறு. இரண்டு ஃபிரேமில் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. அது கேமராவைப் பொருத்தும் மவுன்ட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கில் உரசிவிட்டு நழுவியிருக்கிறது. நழுவாமல் மாட்டியிருந்தால் என் கழுத்துதான் பாராசூட்டைத் தாங்கியிருக்கும். மெயின் பாராசூட்டை வெட்டிவிட்டு ரிசர்வுக்குப் போகவும் முடியாது, ஏனென்றால் வெட்டிவிட்ட பாராசூட் தலையில் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் ஹெல்மெட்டில் கட்-அவே. ஒரு கையால் இழுத்தால் தாடைப் பட்டை பிரிந்து, ஹெல்மெட் கேமராவோடு தலையை விட்டுப் போய்விட வேண்டும்.

அன்று சாயங்காலமே அப்பாவை உட்கார வைத்து ஹெல்மெட்டைக் கொடுத்தேன். பிடியைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், அப்பவும் வரவில்லை. பட்டையைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே கேபிள் ஓடும் குழாயில் மணலும் வியர்வை உப்பும் இறுகிப்போய், கேபிள் வளைந்து துருவேறிக் கிடக்கிறது. வாங்குவதற்கு வெகு முன்பிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். "தரையில ஒக்காந்துகிட்டு ரெண்டு கையால கழட்ட முடியல. மேல ஒத்தக் கையில எப்படிடா கழட்டுவே?" என்றார் அப்பா. அப்புறம்தான் அவரிடம் முழுக் கதையையும் சொன்னேன். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

அதனால் ஹெல்மெட் வாங்குபவர்கள், பழையதோ புதியதோ, தலையில் போட்டு, கேமரா மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு வலது கையாலும் இடது கையாலும் தனித்தனியே கட்-அவேயை இழுத்துப் பாருங்கள். வாங்கிய நாளில் மட்டும் பார்த்தால் போதாது, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணல் பிரதேசத்தில் குதிப்பவர்கள் குதித்த நாளெல்லாம் குழாயைத் துடைக்க வேண்டும். அடுத்தது நூல் சோதனை. பாராசூட் லைன் ஷூ லேஸை விட மெல்லியது. அதே கனத்தில் ஒரு நைலான் கயிற்றை எடுத்து, ஹெல்மெட்டின் மேல் எல்லாத் திசையிலும் போட்டு இழுங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே லைனும் சிக்கும். இடுக்கை எபாக்ஸியாலோ டேப்பாலோ அடையுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் திருகை வெட்டுங்கள், உயரமான மவுன்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹெல்மெட்டோடு ஒட்டிப் படிகிற தட்டை மவுன்ட்டை வாங்குங்கள். ஆக்‌ஷன் கேமராவோடு டப்பாவில் வரும் கொக்கி மவுன்ட் சைக்கிளுக்கும் பைக்குக்கும் சரி. குதிக்க அது வேண்டவே வேண்டாம். லென்ஸ் ஹூட், கழுத்துப் பட்டை, தொங்கும் வயர் எதுவும் கூடாது. மார்பிலும் வயிற்றிலும் கேமரா கட்டுபவர்களைப் பார்க்கிறேன். ரிசர்வ் கைப்பிடியும் மெயின் பாராசூட்டை வெட்டிவிடும் கைப்பிடியும் இருக்கிற இடம் அது. அங்கே எதையும் கட்டாதீர்கள்.

பாராசூட் ஏன் அப்படி அடித்தது என்பதை, என் ரிக்கைப் பிரித்துப் பார்த்த, பாராசூட்டுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் ரிக்கர் அங்கேயே சொல்லியிருந்தார். லைன்களை மடித்து மடித்து ரப்பர் பேண்டில் சொருகி வைப்பார்கள். வளைகுடா வெயிலில் ரப்பர் காய்ந்து இரண்டு அறுந்திருந்தன, மற்றவை தளர்ந்திருந்தன. லைன் ஒவ்வொரு மடிப்பாக அவிழ்வதற்குப் பதில் மொத்தமாகக் கொட்டிவிட்டது. கிணற்று ராட்டினத்தில் கயிறு கையை விட்டு நழுவினால் வாளி விழும் வேகம் இருக்கிறதே, அப்படி. லைன் முழுதும் நீள்வதற்கு முன்பே துணி காற்றைப் பிடித்துவிட, ஸ்லைடர் தன் வேலையைச் செய்யவில்லை. ஸ்லைடர் என்பது லைன்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் செவ்வகத் துணி. அது மெதுவாகக் கீழே இறங்குவதால்தான் பாராசூட் மெதுவாக விரிகிறது. காசு கொடுத்துப் பேக் செய்யச் சொல்லும் இடங்களில் ஒரு பேக்கர் நாள் முழுக்க அடுக்கிக்கொண்டே இருப்பார். உங்கள் ரப்பர் பேண்டை அவர் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். பத்து ரூபாய் பெறாத பொருள். தளர்ந்ததும் மாற்றுங்கள். ஸ்லைடரை நான்கு பக்கமும் சமமாகப் பிரித்து முன்னால் இழுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பையை மூடும் முன் நீங்களே பாருங்கள். கேமராவோடு குதிப்பவர்கள் மெதுவாக விரியும் என்று பெயர் வாங்கிய பாராசூட்டைத்தான் எடுக்க வேண்டும். பழைய மாடல்கள் சில பட்டென்று விரிவதற்கே பேர் போனவை, விலையும் குறைவாக இருக்கும். விலை ஏன் குறைவு என்று ஒரு ரிக்கரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரிசர்வ் கடைசியாக எப்போது பேக் ஆனது, தானியங்கித் திறப்பானின் ஆயுள் எந்த வருஷத்தோடு முடிகிறது என்ற இரண்டு தேதியையும் அட்டையில் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து அடுக்க வேண்டும் என்பது சட்டம்.

விரிக்கும் நேரத்தில் படம் முடிந்துவிட்டது என்று மனசுக்குச் சொல்லிவிடுங்கள். தோள் இரண்டும் சமமாக, கண் அடிவானத்தில், தலை நேராக. பாராசூட் வருகிறதா என்று திரும்பியோ அண்ணாந்தோ பார்க்கிற நொடியில் அடித்தால் கழுத்து கோணலாக அதை வாங்கும். பல் சுவிட்சை அதற்கு முன்பே உதட்டுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். கண்ணாடி வட்டத்துக்குள் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையில் கட்டிய உயரமானியைப் பார்க்க மறந்துபோகும், எல்லோருக்கும் மறக்கும். காதுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஒலி உயரமானி கேமராக்காரருக்குக் கட்டாயம். அது பேட்டரி தீர்ந்து ஊமையாகலாம் என்பதால் கையில் ஒன்றும் வேண்டும். தானியங்கித் திறப்பானை நம்பி இருந்துவிடவும் கூடாது. சைப்ரஸ் போன்றவை சுமார் 750 அடிக்கு வந்த பிறகும் வேகம் குறையாமல் விழுந்தால்தான் வேலை செய்யும். அது கடைசி நொடிக்கு உள்ளது.

கேமரா மனசை எவ்வளவு தின்னும் என்பதற்கு 1988-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்ததைச் சொல்வார்கள். ஐவன் மெக்குவயர் என்பவர் எண்ணூறு தடவைக்கு மேல் குதித்த அனுபவசாலி. ஒரு பயிற்சி ஜம்பைப் படம் பிடிக்கக் கேமராவும் ரெக்கார்டரும் மாட்டிக்கொண்டு விமானத்தில் ஏறினார், பாராசூட் மாட்டாமல். குதித்தும் விட்டார். அந்தக் கேமரா கடைசிவரை ஓடியது. இதைப் படித்த பிறகு நான் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் ரிக், மூன்று கைப்பிடிகளையும் தொட்டுப் பார்ப்பது, முதுகுப் பையை மூடியிருக்கும் பின்னை இன்னொருவரைப் பார்க்கச் சொல்வது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் ஹெல்மெட்டைத் தொடுவது. கேமரா அமைப்புகளைத் தரையிலேயே முடித்துவிட வேண்டும். ஃபோகஸை மேனுவலில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள், ஷட்டர் 1/500-க்குக் குறையாமல், ஐஎஸ்ஓ தானாக. விமானத்துக்குள் மெனுவைத் திறந்தால் அந்த ஜம்ப்பில் வேறு எதையோ தவறவிடப் போகிறீர்கள்.

செட்டிநாட்டில் போர்க்காலத்து ரன்வே சும்மாதானே கிடக்கிறது, அங்கே ஏற்பாடு செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்க அரசு அனுமதி வேண்டும். விமானம், ரிக்கர், மருத்துவ உதவி என்று எல்லாம் அமைந்த இடமும் வேண்டும். இந்தியாவுக்குள் ஹரியானாவில் நார்னௌல் போன்ற இடங்களில் போய்ப் பழகுங்கள்.

கடைசியாகப் பணம். வளைகுடாவில் கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ், ஆபத்தான விளையாட்டு என்று கையை விரித்தது. இங்கே குடும்பத்துக்கு எடுத்திருந்த பாலிசியிலும் மதுரைச் செலவைக் கொடுக்கவில்லை. பாலிசித் தாளில் விலக்குகள் பகுதியில் 09 என்று எண் போட்ட ஒரு விதி எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே வாசகமாக இருக்கும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துக் கொடுத்தது. சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபட்டு அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடையாது என்பது அதன் சாரம், ஸ்கை டைவிங் என்று பெயர் சொல்லியே இருக்கிறது. பொழுதுபோக்காகக் குதிப்பவருக்கு வாதாட இடமுண்டு. ஒரு ஜம்ப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் படம் எடுத்த எனக்கு அது இல்லாமல் போனது. பாராசூட் சங்க உறுப்பினர் கட்டணத்தோடு வரும் காப்பீடும் அடுத்தவருக்கோ அடுத்தவர் சொத்துக்கோ நாம் செய்யும் சேதத்துக்குத்தான், நம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அல்ல. கருவி, டிக்கெட், ஸ்கேன், ஆஸ்பத்திரி, பிசியோ, போன சம்பளம், போன சீசன் எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சத்துக்கு மேல் எனக்குப் போயிருக்கிறது. முதல் வீடியோ வேலையை ஒப்புக்கொள்ளும் முன், அடிபட்டால் யார் செலவு என்று டிராப் ஸோனிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாகச விளையாட்டுக்கென்று தனியாகக் கிடைக்கும் பாலிசியில் கூலிக்குப் படம் எடுப்பதும் அடங்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ரிக்கைப் பாதி விலைக்கு விற்றேன், என்ன நடந்தது என்று வாங்கியவரிடம் சொல்லித்தான் விற்றேன். ஹெல்மெட்டை விலைக்குக் கேட்டவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கவில்லை. பட்டையை அறுத்துவிட்டு ஸ்டுடியோவில் வைத்திருக்கிறேன். காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள் உங்கள் ஹெல்மெட்டையும் மவுன்ட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கயிறு போட்டுச் சோதித்து எங்கே சிக்குகிறது என்று காட்டுகிறேன். கட்டை விரலில் இப்போது உணர்வு முழுசாக வந்துவிட்டது. ஆள்காட்டி விரலில் நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்பாக இருக்கிறது. ஆவணி முகூர்த்தங்களுக்கு நானே போகிறேன்.